நிமோனியான்னு நினைச்சா காசநோய்! குழந்தைகளை வென்டிலேட்டர் வரை கொண்டுபோவது எப்படி? பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

இரண்டு வாரமாக இருமல். விட்டுவிட்டுக் காய்ச்சல். சாப்பாடு இறங்கவில்லை, எடை ஏறவில்லை. மருந்து கொடுத்தால் இரண்டு நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. "சளிதானே, சரியாகிடும்" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவு, ஆக்சிஜன், பிறகு ஐசியூ.

இப்படி வரும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு இருப்பது சாதாரண நிமோனியாதான். ஆனால் ஒரு பகுதியினருக்கு, நிமோனியா மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பது காசநோய். சரியான நேரத்தில் தெரிந்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும் நோய் இது. தெரியாமல் போனால், நுரையீரல் வேலை செய்யாமல் வென்டிலேட்டர் வரை கொண்டுபோய்விடும்.

இது எப்படி நடக்கிறது? ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை? பெற்றோர் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

குழந்தைகளுக்கும் டிபி வருமா?

வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது. அதில் சுமார் 13 லட்சம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். உலகின் மொத்தக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் இருக்கிறார்கள்.

இதைவிடக் கவலை தரும் கணக்கு ஒன்று உண்டு. 2017இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2015ஆம் ஆண்டில் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் குழந்தைகள் காசநோயால் இறந்தார்கள். அதில் 80 சதவீதம் பேர் 5 வயதுக்குக் கீழே. இறந்தவர்களில் 96 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காசநோய் சிகிச்சையே பெறாதவர்கள்.

அதாவது, மருந்து வேலை செய்யாமல் இறந்தவர்கள் மிகச் சிலர். காசநோய் என்று தெரியாமலே, அல்லது தெரிந்தும் மருந்து கைக்கு வராமலே இறந்தவர்கள்தான் கிட்டத்தட்ட எல்லோரும்.

'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்த வார்த்தை பழக்கம். "குழந்தைக்கு டிபி எல்லாம் இல்ல, பிரைமரி காம்ப்ளக்ஸ்தான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். உண்மையில் இரண்டும் வேறு வேறு இல்லை.

காசநோய்க் கிருமி மூச்சு வழியாக முதல்முறை நுரையீரலுக்குள் போகும்போது அங்கே சின்னதாக ஒரு புண் உருவாகிறது. பக்கத்தில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன. கழுத்தில் நெறி கட்டுவதைப் போல, இது நெஞ்சுக்குள்ளே நெறி கட்டுவது. இந்தப் புண்ணும் வீங்கிய கணுவும் சேர்ந்ததற்குப் பெயர்தான் பிரைமரி காம்ப்ளக்ஸ்.

பல குழந்தைகளுக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே இதை இந்தக் கட்டத்தில் அடக்கிவிடும். அடங்காமல் காய்ச்சல், இருமல், எடைக்குறைவு என்று வந்துவிட்டால் அது காசநோய்தான். பெயர் மென்மையாக இருக்கிறது என்பதற்காக மருந்தைப் பாதியில் நிறுத்துவது ஆபத்து.

எந்தக் குழந்தைக்கு ஆபத்து அதிகம்?

வயதுதான் முதல் காரணம். கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு, அதுவும் வாழ்நாளில் எப்போதாவது வரலாம். ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிருமி தொற்றி, தடுப்பு மருந்தும் கொடுக்காமல் விட்டால், ஏறத்தாழ இரண்டில் ஒரு குழந்தைக்கு நோயாகவே மாறிவிடும் என்கின்றன, மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்தில் எடுக்கப்பட்ட விரிவான பதிவுகள். வயது ஏற ஏற இந்த ஆபத்து குறைந்து, 5 முதல் 10 வயதுக்குள் மிகக் குறைவாகிறது. பருவ வயதில் மறுபடியும் ஏறுகிறது.

கைக்குழந்தைக்கு நோய் வேகமாகவும் வரும். கிருமி தொற்றிய சில மாதங்களிலேயே தீவிர நிலைக்குப் போய்விடலாம்.

இவர்கள் தவிர, கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகள், எச்ஐவி தொற்று உள்ள குழந்தைகள், சமீபத்தில் தட்டம்மை வந்து தேறியவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து அதிகம்.

மூச்சே விட முடியாத நிலை எப்படி வருகிறது?

ஒரே வழியில் இல்லை. குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன.

*ஒன்று, மூச்சுக்குழாய் நசுங்குவது.* குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது, சுவரும் மென்மையானது. பக்கத்தில் வீங்கிய கணு அதை வெளியிலிருந்து அழுத்துகிறது. சில சமயம் கணு உடைந்து, உள்ளே இருக்கும் சீழ் போன்ற பொருள் மூச்சுக்குழாய்க்குள்ளேயே கொட்டிவிடும். பாதி அடைத்தால் உள்ளே போன காற்று வெளியே வராமல் நுரையீரலின் அந்தப் பகுதி ஊதிப்போகும். முழுவதும் அடைத்தால் அந்தப் பகுதி காற்றில்லாமல் சுருங்கிவிடும். இந்தக் குழந்தைகளுக்கு 'வீசிங்' சத்தம் கேட்கும். நெபுலைசர் வைத்தாலும் குறையாது. ஒரு பக்கம் மட்டும் கேட்பது முக்கியமான துப்பு.

*இரண்டு, காசநோய் நிமோனியா.* நுரையீரலின் காற்றுப் பைகளில் அழற்சி ஏற்பட்டு, சளியும் நீரும் நிரம்புகின்றன. காற்று இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாததால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது.

*மூன்று, மிலியரி டிபி.* இதுதான் மிக ஆபத்தானது. கிருமி ரத்தத்தில் கலந்து நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், மூளை என்று எல்லா இடத்துக்கும் பரவுகிறது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் தினையை அள்ளித் தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். லத்தீனில் தினை வகைக்கு உள்ள பெயரிலிருந்துதான் இந்த நோய்க்கே பெயர் வந்தது. நிலைமை முற்றினால் நுரையீரல் முழுவதும் வீங்கி, ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாத நிலை வரும். வென்டிலேட்டர் தேவைப்படுவது இங்கேதான்.

*நான்கு, மூளையிலிருந்து வரும் சிக்கல்.* காசநோய் மூளைக்காய்ச்சலில் மண்டைக்குள் அழுத்தம் கூடும். மூச்சு விடச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்துதான் வருகிறது. அந்த இடம் பாதிக்கப்பட்டால், நுரையீரல் ஓரளவு நன்றாக இருந்தாலும் குழந்தையால் ஒழுங்காக மூச்சு விட முடியாது. மிலியரி டிபியும் மூளைக்காய்ச்சலும் ஒரே குழந்தைக்குச் சேர்ந்து வருவதும் உண்டு.

இவை தவிர, நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கோத்து அழுத்துவதாலும், நுரையீரலிலிருந்து காற்று கசிந்து அது சுருங்கிப்போவதாலும் மூச்சுத் திணறல் வரலாம்.

முன்னாடியே ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை?

பெரியவர்களுக்குச் சளியைப் பரிசோதித்தால் போதும். குழந்தைக்கு அது நடக்காது. சின்னக் குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அப்படியே மாதிரி எடுத்தாலும், அதில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். அதனால் பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

இதற்காக மருத்துவர்கள் வேறு வழிகளைப் பயன்படுத்துகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுப்பது ஒரு வழி. மூக்கின் உட்பகுதியிலிருந்து உறிஞ்சி எடுப்பது இன்னொன்று. விழுங்கிய சளி மலத்தில் வரும் என்பதால் மல மாதிரியை 'எக்ஸ்பெர்ட்' என்ற மரபணுப் பரிசோதனை செய்யவும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. குழந்தைக்கு வலியில்லாத வழி இது. மாதிரி கருவிக்குள் போன பிறகு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் அதிலேயே தெரியும்.

கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையும் இருக்கிறது. ஆனால் நோய் மிகத் தீவிரமாக இருக்கும் குழந்தைக்கும், ஊட்டச்சத்து ரொம்பவே குறைந்த குழந்தைக்கும் அது 'நெகட்டிவ்' காட்டலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிமோனியா என்று நினைத்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் சில, குறிப்பாக லெவோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்தவை, காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். அதனால் குழந்தை சில நாள் தேறுவது போலத் தெரியும். நோய் முழுதாகப் போகாது, கண்டுபிடிப்பது மட்டும் தள்ளிப்போகும். அதனால்தான் மருந்துக் கடையில் தாங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள்.

அப்படியானால் முக்கியமான துப்பு எது?

வீட்டில் இருமும் பெரியவர். குழந்தைக்குக் காசநோய் பெரும்பாலும் நெருங்கிப் பழகும் பெரியவரிடமிருந்துதான் வருகிறது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்பவர் என்று யாராகவும் இருக்கலாம்.

"வீட்ல யாருக்காவது டிபி இருக்கா?" என்று மருத்துவர் கேட்டால் பல குடும்பங்கள் "இல்லை" என்றுதான் சொல்லும். பல நேரம் அவர்களுக்கே தெரியாது. சில நேரம் தெரிந்தும் வெளியே சொல்லத் தயக்கம். ஆனால் "யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா? தாத்தா இருமுறாரா?" என்று கேட்டால் பதில் மாறும். குழந்தை ஐசியூவில் இருக்கும்போது குடும்பத்தார் மறைக்காமல் சொல்லும் ஒரு தகவல், பல பரிசோதனைகளைவிட வேகமாகச் சிகிச்சையைத் திசை திருப்பக்கூடியது.

ஐசியூவில் என்ன சிகிச்சை?

முதலில் மூச்சுக்கு உதவி. ஆக்சிஜன், அதற்கும் கட்டுப்படாவிட்டால் அழுத்தத்துடன் காற்று செலுத்தும் கருவி, அதுவும் போதாவிட்டால் வென்டிலேட்டர். வென்டிலேட்டர் நோயைக் குணமாக்காது. மருந்து வேலை செய்யும் வரை குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமலே காசநோய் மருந்தைத் தொடங்குவது உண்டு. தீவிர நிலையில் ஒவ்வொரு நாளும் முக்கியம். மாத்திரையைக் கரைத்து மூக்கு வழிக் குழாயில் கொடுப்பார்கள். ஆனால் உடல்நிலை மிக மோசமாக இருக்கும்போது குடல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது. கல்லீரலும் பாதிக்கப்பட்டிருந்தால் சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும். ஐசியூவில் இந்த நோய்க்கு மருத்துவம் பார்ப்பது கடினம் என்பதற்கு இவையும் காரணங்கள்.

கணு வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தினாலோ, மூளைக்காய்ச்சல் இருந்தாலோ ஸ்டீராய்டு மருந்தும் சேர்ப்பார்கள். அது வீக்கத்தைக் குறைக்கும். அடைப்பு ரொம்ப அதிகமாக இருந்தால் பிரான்கோஸ்கோபி மூலம் உள்ளே பார்த்து அடைப்பை அகற்ற வேண்டியிருக்கலாம்.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் கணு வீக்கமும் கூடுவது உண்டு. "மருந்து ஒத்துக்கல" என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது. செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினையாகவும் அது இருக்கலாம். மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூட இருப்பவர்களும் மாஸ்க் போட வேண்டும். சின்னக் குழந்தையிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. ஆனால் படுக்கை அருகே உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கே காசநோய் இருக்கலாம் என்பதால், அவருக்கும் பரிசோதனை அவசியம்.

எத்தனை மாதம் மருந்து?

வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பூட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதம், இந்தியாவின் தேசியத் திட்டப்படி, பைரசினமைடு தவிர மற்ற மூன்றும். குழந்தைகளுக்கெனத் தண்ணீரில் கரையும் மாத்திரைகள் எடைக்கு ஏற்ப அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயப்பட வேண்டாம்.

மூளைக்காய்ச்சல் இருந்தால் பொதுவாக 12 மாதம் வரை மருந்து தொடரும்.

"நாலு மாசம் போதும்னு சொல்றாங்களே?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியா உள்பட நான்கு நாடுகளில் 1,204 குழந்தைகளிடம் நடந்த 'ஷைன்' ஆய்வு 2022இல் வெளியானது. தீவிரமில்லாத காசநோய்க்கு 4 மாதச் சிகிச்சையே போதும் என்று அது காட்டியது. ஆனால் தீவிர காசநோய் உள்ள குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. ஐசியூ வரை போய் வந்த குழந்தைக்கு இது பொருந்தாது.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் சிகிச்சை வேறு. பெடாகுயிலின் மருந்தை எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

பிசிஜி ஊசி போட்டாச்சே, பிறகு எப்படி வரும்?

இந்தியாவில் குழந்தை பிறந்தவுடன் போடும் தடுப்பூசி பிசிஜி. இடது மேற்கையில் தழும்பு விழுவது இதனால்தான். மிலியரி டிபி, காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து கைக்குழந்தைகளை இது நன்றாகவே காக்கிறது. ஆனால் நூறு சதவீதக் கவசம் இல்லை.

பிசிஜியின் எல்லை என்ன என்று உலகத்துக்குக் காட்டியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது. எனவே ஊசி கட்டாயம் போட வேண்டும். போட்டாச்சு என்பதற்காக அறிகுறிகளை அலட்சியம் செய்யவும் கூடாது.

வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால் குழந்தையை என்ன செய்வது?

தீவிர காசநோயைத் தடுக்க இதுதான் மிகச் சிறந்த வாய்ப்பு. பெரியவருக்கு நோய் உறுதியான உடனே வீட்டில் உள்ள எல்லாக் குழந்தைகளையும் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். நோய் இருந்தால் முழுச் சிகிச்சை. நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து. ஐசோனியாசிட் 6 மாதம் தருவது பழைய, நன்கு சோதிக்கப்பட்ட முறை. 3 மாதத்தில் முடியும் முறைகளும் இருக்கின்றன.

"நல்லா ஓடி விளையாடுற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். நன்றாக இருக்கும்போது கொடுத்தால்தான் அது தடுப்பு மருந்து.

குழந்தையை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமா? பொதுவாகத் தேவையில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சானடோரியத்தில் சேர்த்துச் சிகிச்சை தருவதையும் வீட்டிலேயே தருவதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்புதான் பரவல் அதிகம். நோயாளி மருந்தைத் தவறாமல் சாப்பிடுவது, ஆரம்ப வாரங்களில் மாஸ்க் போடுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது ஆகியவை முக்கியம். தாய்ப்பாலில் காசநோய் பரவாது. தாய் மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம்.

உணவும் மருந்து மாதிரிதான். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருட்கள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 'நிக்ஷய் போஷண்' திட்டத்தில் மத்திய அரசு வழங்கும் உதவித்தொகை, 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குழந்தைகளுக்கும் இது உண்டு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? எப்போது ஓட வேண்டும்?

காசநோய் பரிசோதனை கேட்க வேண்டிய நேரம்:

- இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல்
- கடந்த 3 மாதங்களில் எடை குறைவது, அல்லது ஏறாமல் நிற்பது
- முன்பு போல விளையாடாமல் சோர்ந்து கிடப்பது
- ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் குணமாகாத நிமோனியா
- வீட்டில் காசநோயாளி அல்லது நாள்பட்ட இருமல் உள்ளவர் இருப்பது

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம்:

- மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது
- உதடு, நாக்கு நீலம் பாய்வது
- பால் குடிக்க முடியாமல் திணறுவது, குடித்ததெல்லாம் வாந்தி எடுப்பது
- வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், கழுத்து விறைப்பு
- குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்தால் மூச்சு வேகமாக இருப்பது: 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல்

காசநோய் தொடர்பான சந்தேகங்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 1800-11-6666. எல்லா அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனைக்கு வழிகாட்டுவார்கள்.

ஐசியூ வரை போன குழந்தைகளிலும் பலர் முழுச் சிகிச்சையில் தேறி வீடு திரும்புகிறார்கள். சிலருக்கு நுரையீரலில் வடு தங்கி, அடிக்கடி சளி பிடிக்கலாம் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை. ஆனால் அந்த நிலைக்குப் போகாமலே தடுக்க வழி இருக்கிறது. இருமும் பெரியவர் இன்றைக்கே போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொண்டால், அது அவருக்கு மட்டுமல்ல, மடியில் உட்காரும் பேரக்குழந்தைக்கும் சேர்த்துச் செய்யும் பரிசோதனை.